எம்.பி.யோடு கொழுவினால் உள்ளே போடுவார்களா?

கொடிகாமத்திலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். தங்கையின் மகன், ஏ.எல். படிக்கிற பொடியன், போனில் கிரிக்கெட் பெட் கட்டி ரியூசன் காசைத் தொலைத்து, பிறகு தாயின் சங்கிலியையும் அடகு வைத்துவிட்டான். ஒன்லைன் சூதாட்டத்தை அடியோடு தடை செய்யச் சொல்லி இவர் மாவட்ட எம்.பி. ஒருவருக்கு எழுத, 'தடை செய்தால் களவாக நடக்கும், அனுமதிப்பத்திரம் கொடுத்தால்தான் கட்டுப்படுத்தலாம்' என்று வட்ஸ்அப்பில் பதில் வந்திருக்கிறது. கோபத்தில் முகநூலில் இரண்டு வரி போட்டார்: 'பிள்ளைகளின் வாழ்க்கையை விற்று வரி எடுக்கப் பார்க்கிற ஆள். கம்பனிக்காரனிடம் எவ்வளவு வாங்கினாரோ?' அடுத்த நாளே எம்.பி.யின் செயலாளர் போன் எடுத்து, நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில் (ஒன்லைனில் போடுகிற பொய்த் தகவல்களுக்கு எதிரான சட்டம்) உள்ளே போடலாம் என்றாராம். பதிவை அழிப்பதா, சூதாட்டத்துக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்கிற புதுச் சட்டத்துக்கு எதிராக வழக்குப் போடலாமா என்று கேட்கிறார்.

அண்ணை, முதல் வரி இருக்கட்டும். இரண்டாவதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள், எடுக்க முன்னர் திகதி தெரிய ஒரு ஸ்கிரீன்ஷொட் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வரி உங்கள் கருத்து. பேச்சுச் சுதந்திரம் பற்றிய அரசியலமைப்பின் 14(1)(அ) அதற்கு இடம் தருகிறது. செயலாளர் சொன்ன 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் தண்டிப்பது பொய்யான கூற்றை, அதிலும் நல்லெண்ணத்தோடு சொன்ன கருத்து பொய்க் கூற்றுக்குள் வராது என்று அந்தச் சட்டத்தில் சொற்களுக்கு விளக்கம் தருகிற பொருள்கோடல் பிரிவிலேயே எழுதியிருக்கிறது, அவர் அதுவரை வாசிக்கவில்லைப் போல. இரண்டாவது வரி அப்படியல்ல, ஒருவர் இலஞ்சம் வாங்கினார் என்கிற தொனி அதில் இருக்கிறது, உங்கள் கையில் ஒரு துண்டு ஆதாரமும் இல்லை. கேள்விக்குறி போட்டால் தப்பலாம் என்று நினைக்காதீர்கள், வாசிக்கிறவன் என்ன விளங்கிக்கொள்வான் என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். குற்றவியல் அவதூறு 2002இலேயே நீக்கப்பட்டுவிட்டது, ஆனால் மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்டு வழக்குப் போட எம்.பி.க்கு வழி உண்டு. அப்புறம், அவர் நாடாளுமன்றத்தில் பேசியதை எழுதுவதென்றால் நாடாளுமன்றப் பேச்சுகளின் பதிவான ஹன்சாட்டில் உள்ளபடியே எழுதுங்கள், வேண்டுமென்று திரித்துப் போட்டால் நாடாளுமன்றச் சிறப்புரிமையை மீறிய பிரச்சினையாகிவிடும். அவருடைய சொந்த போன் நம்பரையும் வீட்டு விலாசத்தையும் போட்டுவிடாதீர்கள்.

சரி, வழக்கு. அதற்குக் காலம் போய்விட்டது. ஒரு சட்டமூலம் நாடாளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் (அன்றைய அலுவல்களின் பட்டியல்) ஏறி 14 நாட்களுக்குள் உயர் நீதிமன்றம் போக வேண்டும் (உறுப்புரை 121), சபாநாயகர் சான்றுப்படுத்திய பிறகு அதன் செல்லுபடியை எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது (80(3)). சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் 2025 ஓகஸ்டிலேயே நிறைவேறிவிட்டது.

விருப்பமில்லாமல்தான் சொல்கிறேன், எம்.பி.யின் பேச்சிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. இந்தப் புதுச் சட்டம் நீக்குகிற 1889ஆம் ஆண்டுச் சூதாட்டக் கட்டளைச் சட்டம், ஒரு வீட்டுக்குள் நாலு பேர் சீட்டோடும் காசோடும் பிடிபடுகிற காலத்துக்கு எழுதினது. படுக்கையில் போர்வைக்குள் போனை வைத்திருக்கிற பொடியனை அதால் என்ன செய்ய முடியும்? ஆனால் அனுமதிப்பத்திரம் கொடுத்தால் தானாகக் கட்டுப்படும் என்பதை நான் நம்பமாட்டேன், வயதை எப்படிச் சரிபார்ப்பார்கள், விளம்பரத்தை யார் தடுப்பார்கள் என்பதெல்லாம் அந்தச் சட்டத்தின் கீழ் ஆக்குகிற ஒழுங்குவிதிகளில்தான் கிடக்கிறது. நீங்கள் சண்டை பிடிக்க வேண்டிய இடமும் அதுதான். ஒழுங்குவிதிகள் நாடாளுமன்றத்துக்கு வரும்போது என்ன கேட்கப் போகிறார் என்று அதே எம்.பி.யிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் சொல்லச் சட்டம் அவரைக் கட்டாயப்படுத்தாது, ஆனால் பதில் வராத கடிதத்தையும் முகநூலில் போடலாம். பொது மனு கொடுப்பதென்றால் ஒரு எம்.பி. மூலமாகத்தான் போக வேண்டும், அது இவராக இருக்க வேண்டுமென்றில்லை. நிதியமைச்சின் தகவல் அலுவலருக்கு 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இந்த ஒழுங்குவிதிகள் பற்றிக் கேட்டு ஒரு விண்ணப்பமும் போடுங்கள், 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று. 'பெட் காசு தர வேணும்' என்று யாராவது பொடியனைத் தேடி வந்தால் கொடுக்காதீர்கள், எங்கள் ரோமன் டச்சுச் சட்டத்தில் சூதுக் கடனை வழக்குப் போட்டு அறவிட முடியாது. மிரட்டினால் பொலிஸுக்குப் போங்கள். சங்கிலிக் கடன் வேறு, அது முறையான கடன், தவணை தாண்டினால் நகை ஏலத்துக்குப் போய்விடும், ஆகவே அடகுச் சீட்டைத் தேடி எடுத்து முதலில் திகதியைப் பாருங்கள்.