வேலியோரத்தில் முளைத்தது காட்டுப்பூண்டா?

வீடியோவில் காட்டுப்பூண்டைப் பார்த்துவிட்டு, வேலியோரத்தில் முளைத்த செடியும் அதுதானா, துவையல் அரைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அரைத்துவிடாதீர்கள். திருப்பூர் மாவட்டத்து மூலனூர்ப் பக்கம், மழைக்குப் பிறகு, அகல இலையும் அடியில் கிழங்குமாக வேலியோரத்தில் முளைத்தது என்றால், அது பெரும்பாலும் கண்வலிக்கிழங்கு, அதாவது செங்காந்தள். நஞ்சுச் செடி. அங்கே விதைக்காகவே பயிரிடுகிறார்கள். வீடியோவில் நீங்கள் பார்த்த காட்டுப்பூண்டு ஐரோப்பாவின் ஈரக் காடுகளுக்கு உரியது. நம் மானாவாரி மண்ணில் தானாக வராது.

முதிர்ந்த இலையின் நுனியைப் பாருங்கள். பற்றுக்கம்பியாகச் சுருண்டிருந்தால் சந்தேகமே இல்லை. கிழங்கும் பூண்டுபோல் பல் பல்லாக இராது. கவைபிரிந்து கெட்டியாக இருக்கும். தொட்டபின் கையைக் கழுவுங்கள்.

ஆனால் இளம் இலையில் அந்தச் சுருள் தெரியாது. முகர்ந்து பார்ப்பதையும் நம்ப வேண்டாம்: பூண்டு உரித்த விரலால் கசக்கினால் எந்த இலையும் பூண்டாகத்தான் மணக்கும். ஐரோப்பாவிலேயே காட்டுப்பூண்டு என்று எண்ணி, கண்வலிக்கிழங்கில் உள்ள அதே கோல்சிசின் என்ற நஞ்சுள்ள வேறொரு செடியைத் தின்று இறந்தவர்கள் உண்டு. வேகவைத்தாலும் நஞ்சு போகாது. யாராவது ஏற்கெனவே வாயில் வைத்திருந்தால், வாந்தி வரட்டும் என்று காத்திராமல் செடியோடு மருத்துவமனைக்குப் போங்கள்.

பூண்டு இலைதான் வேண்டுமென்றால், மேட்டுப்பாளையம் மண்டிப் பூண்டின் நான்கு பல்லைக் கார்த்திகையில் தொட்டியில் ஊன்றுங்கள். நம் வெயிலில் பூண்டு திரளாது, இலை வரும். அரிசிம்பருப்பு சாதத்தை இறக்கும்போது நறுக்கித் தூவலாம்.