அப்பீல் காலம் முடிந்துவிட்டது: தம்பியின் தண்டனையைக் குறைக்க இனி வழி உண்டா?

தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகியின் கேள்வி:

"என் தம்பிக்கு 2023 ஜனவரியில் சப் கோர்ட்டில் ஏழு வருஷம் தண்டனை கொடுத்தார்கள். வழிப்பறி வழக்கு. ஐ.பி.சி. 397, அதோடு 34 என்று தீர்ப்பில் இருக்கிறது. பைக் ஓட்டியது என் தம்பி. பின்னால் உட்கார்ந்திருந்தவன்தான் அரிவாளைக் காட்டிச் சங்கிலியைப் பறித்தான். இரண்டு பேருக்கும் ஒரே தண்டனை. அப்பீல் போடுகிறேன் என்று அன்றைக்கே வக்கீல் பதினைந்தாயிரம் வாங்கினார். இரண்டு வருஷம் நாலு மாதம் கழித்து விசாரித்தால், எதுவுமே போடவில்லை. தம்பி பாளையங்கோட்டை ஜெயிலில் இருக்கிறான். இப்போது தெரிந்தவர் ஒருவர், மதுரை ஹைகோர்ட்டில் 'தண்டனைக் குறைப்பு மனு' போட்டு ஆறு வாரத்தில் வெளியே கொண்டுவருவதாகச் சொல்கிறார். தப்பை ஒப்புக்கொண்டு கருணை கேட்டால் போதுமாம். தாமதத்துக்கு மெடிக்கல் சர்டிபிகேட்டும் அவரே வாங்கிக் கொடுப்பாராம். ஒன்றரை லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள், அம்மா. அந்த மனிதர் சொன்ன நாலு விஷயமும் தப்பு. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில், 'தண்டனைக் குறைப்பு மனு' என்று தனியாக ஒரு மனு கிடையாது. தீர்ப்பில் கையெழுத்துப் போட்ட பிறகு எழுத்துப்பிழையைத் திருத்தலாமே தவிர, அந்த நீதிபதியே நினைத்தாலும் தண்டனையை மாற்ற முடியாது. குறைக்க வேண்டுமானால் மேல் கோர்ட்டில் அப்பீல் போட வேண்டும். காலம் கடந்துவிட்டதால், அப்பீலோடு கூடவே தாமதத்தை மன்னிக்கச் சொல்லும் மனுவும் போக வேண்டும். இதுதான் வாசல். வேறு பெயர் சொல்லிப் பணம் கேட்பவரை வீட்டு வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இரண்டாவது, மதுரை. சப் கோர்ட் என்று எழுதியிருக்கிறீர்கள். தீர்ப்பின் முதல் பக்கத்தை எடுத்துப் பாருங்கள், 'உதவி அமர்வு நீதிமன்றம்' என்று இருக்கும். உதவி அமர்வு நீதிபதி கொடுத்த தண்டனை ஏழு வருஷத்துக்கு மேல் போகவில்லை என்றால், அப்பீல் உங்கள் மாவட்ட அமர்வு நீதிமன்றத்துக்குத்தான் போகும். அது தூத்துக்குடியிலேயே இருக்கிறது. கூட்டாளிக்காவது ஏழுக்கு மேல் கொடுத்திருந்தால் ஹைகோர்ட், இங்கே அதுவும் இல்லை. ஒன்றரை லட்சத்தை வாங்கிக்கொண்டு மதுரையில் போட்டால், இங்கே வரக்கூடாது என்று காகிதம் திரும்பி வரும். 'ஜட்ஜ் மாறிவிட்டார், இன்னும் ஐம்பதாயிரம்' என்பார் அந்த ஆள். எத்தனை குடும்பங்களிடம் இந்தக் கதையைக் கேட்டிருக்கிறேன்!

அமர்வு நீதிமன்றத்துக்கு அப்பீல் போக 30 நாள், ஹைகோர்ட்டுக்கு என்றால் 60 நாள். தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு மனுப் போட்டு அது கையில் வரும் வரை ஆகும் நாட்களை இந்தக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். அப்படிக் கழித்தாலும் உங்களுக்கு 800 நாளை ஒட்டித் தாமதம் இருக்கிறது. பயப்பட வேண்டாம். 1998-ல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு சிவில் வழக்கில் 883 நாள் தாமதத்தை உச்ச நீதிமன்றம் மன்னித்தது. அவரும் உங்களைப் போல வக்கீலை நம்பிக் கெட்டவர்தான். எத்தனை நாள் என்பது முக்கியமில்லை, சொல்லும் காரணம் ஏற்கும்படி இருக்கிறதா என்பதே கேள்வி என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. சொத்து வழக்குக்கே இப்படி என்றால், ஒருவனின் ஏழு வருஷம் சம்பந்தப்பட்ட வழக்கில், அதுவும் அவன் உள்ளே இருக்கும்போது, கோர்ட் இன்னும் கொஞ்சம் இறங்கித்தான் பார்க்கும்.

ஆனால் காரணம் உண்மையாக இருக்க வேண்டும். இதுதான் மூன்றாவது, மெடிக்கல் சர்டிபிகேட் விவகாரம். தாமத மனுக்களில் நம் ஊருக்கென்று ஒரு நோய் உண்டு, மஞ்சள் காமாலை. கட்சிக்காரருக்கு மஞ்சள் காமாலை, படுத்த படுக்கை, நாட்டு வைத்தியம், இப்போதுதான் தேறினார். படிக்கும்போதே நீதிபதிக்குச் சிரிப்பு வரும். உங்கள் விஷயத்தில் சிரிப்போடு முடியாது. ஜெயிலுக்குள் இருப்பவனுக்கு டவுன் டாக்டர் எப்படி மாதக்கணக்கில் வைத்தியம் பார்த்தார் என்று அரசு வக்கீல் ஒரே கேள்விதான் கேட்பார். சிறை மருத்துவமனைப் பதிவேட்டை வரவழைத்தால் கதை முடிந்தது. தாமத மனுவும் போகும், பொய்ப் பிரமாணம் செய்ததாகத் தனிப் பிரச்சினையும் வரும். அதில் கையெழுத்துப் போடப்போவது நீங்களோ தம்பியோதான். அந்த ஆள் பெயர் எங்கேயும் இருக்காது.

உங்களிடம் நல்ல காரணமே இருக்கிறதே! வக்கீலுக்குப் பணம் கொடுத்தீர்கள், போட்டுவிட்டார் என்று நம்பினீர்கள். பணம் ஜிபேயில் போயிருந்தால் அந்தப் பதிவு, வக்கீலோடு நடந்த வாட்ஸ்அப் பேச்சு, ஜெயிலிலிருந்து தம்பி எழுதிய கடிதம், எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். அப்பீல் போடவில்லை என்று எந்தத் தேதியில், எப்படித் தெரிந்தது என்பதையும் எழுத வேண்டும். அந்தத் தேதிக்குப் பிறகு நீங்கள் சும்மா இருந்த ஒவ்வொரு வாரமும் உங்களுக்கு எதிராகப் பேசும், ஆகவே ஆற அமர யோசிக்க நேரமில்லை. அந்த வக்கீல் மேல் பார் கவுன்சிலில் புகார் கொடுப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அப்பீல் போட்டாயிற்றா இல்லையா என்று தெரிந்துகொள்ள இரண்டு வருஷம் காத்திருக்கத் தேவையே இல்லை. ஈ-கோர்ட்ஸ் செயலியில் பெயரையோ வழக்கு எண்ணையோ போட்டால் தெரிந்துவிடும். ஒவ்வொரு வழக்குக்கும் சி.என்.ஆர். என்று 16 இலக்க எண் உண்டு. இனி எந்த வக்கீலிடம் போனாலும் ரசீது கேட்கத் தயக்கமாக இருந்தால், இந்த எண்ணையாவது கேளுங்கள். 'அதெல்லாம் உங்களுக்குப் புரியாது' என்று பதில் வந்தால் அங்கே வழக்கே இல்லை என்று அர்த்தம்.

இப்போது நாலாவது விஷயம், இதுதான் முக்கியம். 'தப்பை ஒப்புக்கொண்டு கருணை கேட்டால் போதும்.' பல வழக்குகளில் இது நல்ல வழிதான். குற்றம் செய்தானா இல்லையா என்று வாதாடவில்லை, வயதைப் பாருங்கள், குடும்பத்தைப் பாருங்கள், இதுவரை உள்ளே இருந்த காலமே போதும் என்று கேட்டால், கோர்ட்டும் சில சமயம் அப்படியே குறைத்துவிடும். உங்கள் தம்பிக்கு அது விஷம். காரணம் 397. அந்தப் பிரிவில் 'ஏழு ஆண்டுக்குக் குறையாத' தண்டனை என்று சட்டமே எழுதிவைத்திருக்கிறது. சட்டம் குறைந்தபட்சம் வைத்த இடத்தில் எந்த அமர்வு நீதிபதியும், ஏன் ஹைகோர்ட்டும், கருணை காட்டி அதற்குக் கீழே இறங்க முடியாது. தம்பிக்குக் கிடைத்ததே அந்தக் குறைந்தபட்சம்தான். 397-ஐ ஒப்புக்கொண்டால் ஏழு வருஷத்தையும் ஒப்புக்கொண்டதாகத்தான் ஆகும். அப்புறம் குறைப்பதற்கு என்ன மிச்சம்?

ஆனால் 397 உங்கள் தம்பிக்குப் பொருந்துமா? கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கொலைக்கருவியை 'உபயோகித்த' ஆளுக்குத்தான் அந்தக் குறைந்தபட்சத் தண்டனை. கூடப் போனவனுக்கு இல்லை. உச்ச நீதிமன்றம் இதை 1975-லேயே பூல் குமார் வழக்கில் சொல்லிவிட்டது. 'எல்லோருக்கும் ஒரே எண்ணம்' என்கிற 34-ஐ ஒட்டவைத்து, ஒருவன் கையில் இருந்த அரிவாளுக்காக இன்னொருவனுக்கு 397 கொடுக்க முடியாது. இத்தனை வருஷம் கழித்தும் குற்றப்பத்திரிகையில் '397 உடன் 34' என்று போலீஸ் எழுதுகிறது, அதையே குற்றச்சாட்டாக வனைகிறார்கள், அதிலேயே தண்டனையும் வருகிறது. யாரும் நிறுத்திக் கேட்பதில்லை.

ஆனால் அதே பூல் குமார் தீர்ப்பில் ஒரு கத்தி முனையும் இருக்கிறது. உபயோகித்தது என்றால் வெட்டியிருக்க வேண்டும், குத்தியிருக்க வேண்டும் என்றில்லை. எதிராளி பார்த்துப் பயப்படும்படி கையில் பிடித்திருந்தாலே உபயோகித்ததுதான். ஆகவே சாட்சிகள் என்ன சொன்னார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சங்கிலியைப் பறிகொடுத்த அம்மா கூண்டில் ஏறி, 'பின்னால் இருந்தவன் கையில் அரிவாள் இருந்தது' என்று மட்டும் சொன்னாரா? அல்லது 'இரண்டு பேர் கையிலும் இருந்தது' என்றாரா? அப்படிச் சொல்லாமல், தம்பி இடுப்பிலிருந்து ஒரு கத்தியைப் பிறகு போலீஸ் கைப்பற்றியதாக மட்டும் இருந்தால், அதை அவர் பார்க்கவே இல்லை என்று வாதாடலாம். சாட்சி வாக்குமூல நகல்களையும் சேர்த்து வாங்குங்கள் என்று சொல்வது இதற்காகத்தான். 397 விழுந்தால், மிஞ்சுவது சாதாரண வழிப்பறிக்கான 392, காயம் ஏற்பட்டிருந்தால் 394. இரண்டிலும் குறைந்தபட்சத் தண்டனை கிடையாது. அதற்குப் பிறகு கருணை கேளுங்கள், தாராளமாகக் கேளுங்கள், அப்போது குறைப்பதற்குக் கோர்ட்டுக்கு இடம் இருக்கும்.

அப்பீல் போட்டால் தண்டனை கூடிவிடுமோ என்று சிலர் பயமுறுத்துவார்கள். தம்பி போடும் அப்பீலில் அமர்வு நீதிமன்றம் தண்டனையைக் கூட்ட முடியாது. நன்னடத்தைக்காக ஜெயிலில் கழிக்கும் நாட்கள், அரசாங்கம் முன்கூட்டியே விடுவிப்பது, இதெல்லாம் வேறு சங்கதி, கோர்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அண்ணா பிறந்தநாள், எம்.ஜி.ஆர். நூற்றாண்டு என்று விடுவித்ததெல்லாம் ஆயுள் கைதிகளை. அந்த விடுதலைக்கான அரசாணையை (ஜி.ஓ.) காட்டி உங்களிடம் பணம் கேட்கவும் ஓர் ஆள் வருவார்.

சரி, வக்கீலுக்கு எங்கே போவது? ஜெயிலில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு என்று கேட்காமலே இலவச வக்கீல் கொடுக்க வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், போனில் கேட்பதானால் 15100. அல்லது தம்பியே சிறைக் கண்காணிப்பாளரிடம் அப்பீல் மனுவைக் கொடுக்கலாம், அதைக் கோர்ட்டுக்கு அனுப்புவது அவர் கடமை. இலவச வக்கீல் சரியாக வாதாட மாட்டார் என்று புரோக்கர் சொல்வார். பதினைந்தாயிரம் வாங்கிய வக்கீல் என்ன வாதாடினார் என்று அவரிடம் கேளுங்கள்.

எத்தனை நாளில் முடியும்? ஆறு வாரம் என்று நான் சொல்ல மாட்டேன். தாமதத்தை மன்னிக்கச் சொல்லும் மனுவில் உத்தரவு வருவதே தாமதமாகும், நம் கோர்ட்டுகளின் லட்சணம் அது. அரசு வக்கீலுக்கு நோட்டீஸ், பதில், வாய்தா, மறுபடி வாய்தா. அது முடிந்து அப்பீலுக்கு நம்பர் விழுந்ததும், அப்பீல் முடியும் வரை தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீனில் விடக் கேட்கலாம். குறிப்பிட்ட ஆண்டுகள் மட்டும் தண்டனை என்றால் இதைத் தாராளமாகப் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1999-ல் சொல்லியிருக்கிறது. தீர்ப்புக்கு முன் ரிமாண்டில் இருந்த நாட்களும் ஏழு வருஷத்தில் கழியும், அது எத்தனை நாள் என்று வக்கீலிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று. தண்டனை சொன்ன கையோடு தீர்ப்பின் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். 1978-ல் ஹோஸ்காட் வழக்கில் இதே பிரச்சினை வந்தது. நகல் ஜெயிலுக்குப் போனதாகச் சொன்னார்கள், கைதி கையில் கொடுத்ததற்குக் கையெழுத்து இல்லை. அப்பீல் உச்ச நீதிமன்றம் வந்து சேர்வதற்குள் நாலு வருஷத்துக்கு மேல் தாமதம், மனிதர் தண்டனையை முழுதாக அனுபவித்தே முடித்துவிட்டார். கைதியிடம் நகலைக் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும், வக்கீலும் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதினார். இன்றைக்கும் 'நகல் எங்கே?' என்று கேட்டால் 'வக்கீலிடம் இருக்கும்' என்கிறார்கள். அடுத்த தடவை பாளையங்கோட்டையில் மனுப் போட்டுத் தம்பியைப் பார்க்கும்போது, தீர்ப்பு நகல் அவன் கைக்கு வந்ததா, எந்தத் தேதியில், யார் கொடுத்தார்கள், கையெழுத்துப் போட்டானா என்று கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள்.