குக்கரும் கின்னர் கைலாசமும்

அன்புள்ள சார்,

மயூர் விஹாரில் இருக்கிறேன். மூன்று மாதம் சம்பளமில்லாத விடுப்பு கிடைத்துவிட்டது. செப்டம்பர் முதல் வாரம் டென்ட்டும் வாட்டர்கலர் பெட்டியுமாகக் கிளம்புகிறேன். இமாச்சலில் மணாலி வழியாக ஸ்பிதி பள்ளத்தாக்கு, அப்புறம் கின்னௌர் வழியாகச் சிம்லா. மொத்தம் பதினான்கு ஊர். எதையாவது விட்டுவிட்டேனா?

ஆர்., டெல்லி

அன்புள்ள ஆர்.,

விட்டது ஒன்றுமில்லை, சேர்த்ததுதான் அதிகம். பத்து ஊரை அடித்துவிடுங்கள்.

பாதையையும் திருப்பிப் போடுங்கள். மணாலி சுமார் 2,000 மீட்டர், ஸ்பிதிக்குள் நுழையும் குன்சும் கணவாய் 4,551. ஒரே நாளில் அவ்வளவு ஏறினால் ஸ்பிதியின் காசா ஊரில் தலையைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பீர்கள். சிம்லாவிலிருந்து சட்லஜை ஒட்டி ஏறினால் உடம்பு மெல்லப் பழகும். செப்டம்பர் தொடக்கத்தில் மழை விட்டிருக்காது, மண் சரியும். மூன்றாவது வாரம் கிளம்பி, அக்டோபர் பாதிக்குள் குன்சுமைத் தாண்டிவிடுங்கள். மிச்ச நாளை மணாலிக்குப் பக்கத்து நக்கரில் கழிக்கலாம். ரஷ்ய ஓவியர் நிக்கோலஸ் ரோரிக் 1928 முதல் 1947இல் இறக்கும்வரை குடியிருந்த ஊர். அவர் வீட்டில் படங்கள் இருக்கின்றன.

ஆனால் முதலில் கின்னௌரில் கல்பாவில் பத்து நாள் உட்காருங்கள். நான் போனது ஒரு நவம்பரில். எதிரே கின்னர் கைலாசம். மூன்று நாள் விடியற்காலையில் எழுந்து மாடியில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். சூரியன் மலைக்குப் பின்னாலிருந்து வருவதால் கண் கூசியதுதான் மிச்சம். மலை வெறும் கறுப்பு. நான்காம் நாள் சாயங்காலம், சும்மா நின்றுகொண்டிருந்தபோதுதான் அதன் முகத்தில் வெயில் விழுந்து மடிப்பு மடிப்பாகத் தெரிந்தது. மூன்று நாளில் ஊரைக் காலி செய்திருந்தால் அதைப் பார்த்திருக்க மாட்டேன்.

அதே மாடியில் ஒரு காலை, வானத்துக்கு அல்ட்ராமரின் பூசிவிட்டு டீ எடுக்கத் திரும்பினேன். பார்த்தால், நீலம் பெரணி இலை மாதிரி கிளை கிளையாக உறைந்து நிற்கிறது. என்னால் வரைய முடியாத அழகு. வெயில் பட்டதும் உருகி மலைமேல் வழிந்துவிட்டது. தண்ணீரில் கொஞ்சம் வோட்கா கலந்தால் உறையாது என்பார்கள்; அந்தப் பாட்டில் ஓவியத்துக்குத்தான் என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள். ஸ்பிதியில் தொல்லை நேர்மாறு. அந்த வறண்ட காற்றில், தாளின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் போவதற்குள் வண்ணம் காய்ந்து கோடு விழும். தாளை இரண்டு பக்கமும் நனைத்துக்கொள்ளுங்கள்.

டென்ட்டை மொட்டைமாடியில் ஒருமுறை இருட்டில் போட்டுப் பழகுங்கள். சாப்பாட்டுக்கு அவல் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். காசா உயரத்தில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு லேசில் வேகாது. என்னிடம் இரண்டு லிட்டர் குக்கர் ஒன்று சும்மா கிடக்கிறது. கிளம்பும் தேதியைச் சொல்லுங்கள், காஷ்மீரி கேட் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்து தருகிறேன். கேஸ்கெட் மட்டும் மாற்ற வேண்டும்.