பதில்: பிளான்க்ஸ்டியில் பால் பிரேடி குரல் எங்கே?

நண்பரே, அயர்லாந்து நாட்டுப்புற இசைக்குழுவான பிளான்க்ஸ்டியின் முதல் மூன்று ஆல்பங்களையும் வாங்கி இரண்டு முறை கேட்டும், அதில் இருந்த பாடகர் பால் பிரேடி பாடுவது காதில் விழவில்லை என்கிறீர்கள். உங்கள் காதில் கோளாறில்லை, குறுந்தகடும் போலி இல்லை. அவர் அவற்றில் பாடவே இல்லை.

நடந்தது இதுதான். 1972-இல் அயர்லாந்துப் பாடகர் கிறிஸ்டி மூர் 'பிராஸ்பரஸ்' என்று தன் பெயரில் ஒரு ஆல்பம் வெளியிட்டார். அதில் உடன் வாசித்த ஆண்டி இர்வின், டோனல் லனி, லியாம் ஓஃப்ளின் மூவரோடும் சேர்ந்துதான் பிளான்க்ஸ்டியைத் தொடங்கினார். முழங்கையால் துருத்தியை அமுக்கி வாசிக்கும் அயர்லாந்துப் பைப்போடு பூசூகியும் மாண்டலினும் பின்னிக்கொண்டு ஓடுவதை முதல் ஆல்பத்திலேயே கேட்டிருப்பீர்கள். பூசூகி கிரேக்க வாத்தியம், ஆனால் அயர்லாந்துக்கே பிறந்தது போல ஒட்டிக்கொண்டது! அதை அங்கே முதலில் கொண்டுவந்தவர் ஜானி மொய்னிஹன். 1973-இல் லனி விலகியதும் அவர் இடத்துக்கு வந்தவரும் இவரே. மூன்றாவது ஆல்பத்தில் உங்களைக் குழப்பிய புதுக்குரல் இவருடையதாக இருக்கும்.

1974-இல் மூரும் போனபோதுதான் பிரேடி வந்தார். மேடைகளில் பாடினார். ஆனால் ஸ்டூடியோ ஆல்பம் எதுவும் வருவதற்குள் 1975-இல் குழு கலைந்துவிட்டது. 1979-இல் மறுபடி சேர்ந்து ஆல்பம் போட்டபோதும் அவர் இல்லை.

சரி, அவர் குரல்தான் வேண்டுமென்றால் இர்வினும் அவரும் சேர்ந்து 1976-இல் வெளியிட்ட ஆல்பத்தைத் தேடுங்கள். தயாரித்தது லனி. 'ஆர்தர் மெக்பிரைட்' பாட்டை முதலில் போடுங்கள்.