ஹைபிரிட் பற்றரிக்கு ஐந்தரை இலட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள், காரை விற்றுவிடலாமா?

கேள்வி: 2013ஆம் ஆண்டு டொயோட்டா அக்வா வைத்திருக்கிறேன். மீற்றரில் 1,72,000 கிலோமீற்றர் காட்டுகிறது. போன வாரம் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. கராஜில் ஸ்கேன் செய்து பார்த்து, 'பி0ஏ80' என்ற பழுதுக் கோட் வந்திருக்கிறது, ஹைபிரிட் பற்றரி முடிந்துவிட்டது என்றார்கள். புதுப் பற்றரிக்கு 5,60,000 ரூபா, இரண்டு வருட உத்தரவாதம். இன்னொரு இடத்தில் ரிப்பேர் செய்த பற்றரி 1,85,000, ஆறு மாத உத்தரவாதம். மூன்றாவது கராஜ்காரர் பற்றரிக்குள் பழுதான இரண்டு மொடியூலை (செல்கள் அடங்கிய சிறு பெட்டிகளை) மட்டும் மாற்ற 45,000 கேட்கிறார், உத்தரவாதம் ஒரு மாதம்தான். இப்படியே விற்றால் 50 இலட்சம், நல்ல நிலையில் இருந்தால் 58 இலட்சம் போகும் என்கிறார் புரோக்கர். விற்றுவிட்டு, 30 இலட்சம் லீசிங் எடுத்து 80 இலட்சத்துக்கு ஹைபிரிட் இல்லாத விட்ஸ் வாங்கலாமா? மாதம் 1,200 கிலோமீற்றர் ஓடுவேன். சேமிப்பில் 2 இலட்சமும், இன்னும் ஐந்து மாதத்தில் முதிரும் 9 இலட்ச நிலையான வைப்பும் உண்டு.
– வாசகர், வவுனியா

பதில்: விற்பதாக முடிவெடுத்தாலும், பழுதோடு விற்காதீர்கள். உங்கள் புரோக்கர் சொன்ன கணக்கையே பாருங்கள். பழுதான காருக்கு அவர் கழிப்பது 8 இலட்சம், புதுப் பற்றரி 5,60,000. அந்த இடைவெளி வாங்குபவரின் பயத்துக்குப் போகிற பணம். ஒரு புரோக்கரின் வாய்க்கணக்கை மட்டும் நம்பாமல், இன்னும் இரண்டு பேரிடம் இரண்டு விலையையும் கேட்டுப் பாருங்கள்.

'ரிப்பேர் செலவு காரின் பெறுமதியில் பாதியைத் தாண்டினால் விற்றுவிடு' என்று வெளிநாட்டவர் சொல்லும் விதிக்கு இங்கே வேலையில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது. வரியும் கடுமை. அதனால்தான் பன்னிரண்டு வயதுக் காருக்கு இன்னும் ஐம்பது இலட்சத்துக்கு மேல் விலை நிற்கிறது. அந்த விலைக்கு முன்னால் பற்றரிச் செலவு பத்தில் ஒரு பங்குதான்.

இனி விட்ஸ் கணக்கு. 30 இலட்சத்தை ஐந்து வருடத்துக்கு, ஆண்டுக்கு 14 வீத வட்டியில் எடுத்ததாக வைத்துக்கொண்டால் மாதத் தவணை ஏறக்குறைய 69,800. மொத்த வட்டி 11,88,000 வரும். அக்வா லீற்றருக்கு 20, விட்ஸ் 14 கிலோமீற்றர் ஓடும் என்று கொண்டால், மாதம் 26 லீற்றர் பெற்றோல் கூடுதலாகப் போகும். லீற்றர் 300 ரூபாப்படி 7,800. தவணைப் பணம் முழுவதும் நட்டமல்ல, கடைசியில் கையில் ஒரு கார் இருக்கும். ஆனால் வட்டியும் பெற்றோலும் திரும்பி வராது. இரண்டும் சேர்ந்து சராசரியாக மாதம் 27,600. இருபது மாதத்தில் புதுப் பற்றரியின் விலை அதிலேயே கரைந்துவிடும். பெயர் மாற்றச் செலவை நான் சேர்க்கவே இல்லை.

ஆனாலும் 5,60,000ஐ இன்றே கொண்டுபோய்க் கட்டாதீர்கள். 'பி0ஏ80' என்பது பற்றரியின் பகுதிகளுக்கு இடையே வோல்ற் வித்தியாசம் கூடிவிட்டதாக கார் சொல்லும் செய்தி. ஏன் கூடியது என்று அது சொல்லாது. அக்வாவின் பற்றரியில் 20 மொடியூல்கள், ஒவ்வொன்றிலும் ஆறு செல், மொத்தம் 144 வோல்ற். ஒரு செல் செத்தால் அந்த மொடியூலில் 1.2 வோல்ற் விழும். எனவே ஒவ்வொரு பிளொக்கின் (கார் ஒன்றாகச் சேர்த்து அளக்கும் மொடியூல்களின்) வோல்ற்றையும் கார் நிற்கும்போதும், ஓடி இழுக்கும்போதும் ஸ்கேனரில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். இழுக்கும்போது ஏதாவது ஒன்று மற்றவற்றைவிட ஒரு வோல்ற்றுக்கு மேல் விழுந்தால் பெரும்பாலும் பற்றரிதான். இந்த எண்களைக் காட்ட மறுக்கும் கராஜில் பணம் கொடுக்க வேண்டாம்.

அத்தோடு மூன்று மலிவான சோதனைகள். சாதாரண 12 வோல்ற் பற்றரி பலவீனமானாலும் தவறான எச்சரிக்கைகள் வரும். கார் ஓய்வில் இருக்கும்போது 12.4க்குக் கீழே காட்டினால் முதலில் அதைச் சார்ஜ் பண்ணிப் பாருங்கள். மொடியூல்களை இணைக்கும் செப்புப் பட்டைகளில் பச்சை பிடித்திருந்தாலும் இதே கோட் வரலாம். சுத்தம் செய்தால் போதும். மூன்றாவது, பின் இருக்கையடியில் உள்ள காற்று வழி. பற்றரியைக் குளிரவைக்கும் விசிறி காருக்குள் இருக்கும் காற்றைத்தான் இழுக்கிறது. தூசியடைத்தால் பற்றரி வெந்துபோகும். வவுனியா வெயிலில் ஏ.சி. போடாமல் ஓடினாலும் அப்படித்தான். விசிறியைக் கழுவாமல் புதுப் பற்றரி போட்டால் அதுவும் சீக்கிரம் போகும். நீங்களாகத் திறக்காதீர்கள். சேர்விஸ் பிளக்கை (பற்றரியின் மின் இணைப்பைத் துண்டிக்கும் பிளக்கை) கழற்றிய பிறகும் பத்து நிமிடம் பொறுத்துத்தான் உள்ளே கை வைக்கவேண்டும், அதுவும் பழகியவர்.

மற்ற பாகங்களையும் அதே நாளில் பாருங்கள். நிறுத்தி வைத்த காரில் பிரேக் பம்ப் சில வினாடிக்கு ஒருமுறை ஓடுகிறதா? கூலன்ற் குறைகிறதா? காலையில் எஞ்சின் உலுக்கிக்கொண்டு எழும்புகிறதா? முதலாவது பிரேக் அக்சுவேற்றர் (பிரேக்குக்கு அழுத்தம் கொடுக்கும் தொகுதி) பழுதின் அறிகுறி, மற்ற இரண்டும் சிலிண்டர் ஹெட் கஸ்கெற் (கூலன்ற் எஞ்சினுக்குள் கசியாமல் தடுக்கும் அடைப்பு) பழுதின் அறிகுறி. இரண்டுமே போயிருந்தால் மேலே சொன்ன கணக்கு மாறிவிடும். அப்போது விற்பதே சரி. மீற்றரில் உள்ள 1,72,000ஐ நம்பி முடிவெடுக்க வேண்டாம். ஜப்பானில் பாவித்து வந்த கார் என்றால் அந்த எண்ணுக்கு யாரும் பொறுப்பில்லை.

மூன்று விலைகளையும் உத்தரவாத மாதங்களால் வகுத்துப் பாருங்கள். புதியது மாதத்துக்கு 23,300, ரிப்பேர் செய்தது 30,800, இரண்டு மொடியூல் 45,000. மலிவானது எது என்று தெரிகிறதா? இரண்டு மொடியூலை மாற்றினால் பன்னிரண்டு வருடம் உழைத்த மீதிப் பதினெட்டும் அவற்றோடு ஈடுகொடுக்க முடியாமல் ஒவ்வொன்றாக விழும். ரிப்பேர் செய்த பற்றரி ஆறு மாதத்துக்குள் விற்கப்போகிறவருக்குத்தான் பொருந்தும், அதையும் வாங்குபவரிடம் சொல்லித்தான் விற்கவேண்டும். அந்தப் பழுதுக் கோட் பதிவை ஸ்கேனரில் அழித்துவிட்டு விற்கிறவர்கள் இருக்கிறார்கள். எச்சரிக்கை விளக்கு சில நாளில் திரும்ப எரியும், பிறகு வீட்டு வாசலில் சண்டை.

நீங்கள் காரை வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் புதியதையே போடுங்கள். பழைய மொடியூலைப் புது உறையில் போட்டுத் தருவதும் நடக்கிறது, ஆகவே செல்லின் உற்பத்தித் திகதியைக் கேளுங்கள். உத்தரவாதம் எழுத்தில் இருக்கட்டும்: கிலோமீற்றர் வரம்பு உண்டா, கூலி அடங்குமா, கொழும்பில்தான் திருத்துவார்கள் என்றால் கிட்டத்தட்ட 250 கிலோமீற்றர் காரை ஏற்றிப்போகும் செலவு யாருடையது? பழைய பற்றரியைச் சும்மா விட்டுவராதீர்கள். அதில் நல்ல மொடியூல்கள் மிச்சமிருக்கும், அவற்றுக்கு விலை உண்டு. பில்லில் கழிக்கச் சொல்லுங்கள்.

பணத்துக்கு நிலையான வைப்பை உடைக்க வேண்டாம். உடைத்தால் இதுவரை சேர்ந்த வட்டியில் ஒரு பகுதி போகும். அந்த வைப்பின்மேல் 4,50,000 கடன் கேளுங்கள். 11 வீதம் என்றாலும் ஐந்து மாதத்துக்கு வட்டி 20,600 சொச்சம்தான். உங்கள் வங்கியின் வீதத்தைக் கேட்டு, உடைத்தால் இழப்பது எவ்வளவு என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மீதி 1,10,000ஐச் சேமிப்பிலிருந்து எடுத்தால் கையில் 90,000 நிற்கும். வைப்பு முதிரும் அன்றே கடனை அடையுங்கள்.

பற்றரி மாற்றும்வரை விளக்கு எரிந்தபடி தூரப் பயணம் வேண்டாம். இந்தக் காரில் தனி ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது. எஞ்சினை எழுப்புவதும் இந்த ஹைபிரிட் பற்றரிதான், அது முற்றாகக் கைவிட்டால் நின்ற இடத்திலிருந்து லொறியில்தான் ஏற்றவேண்டிவரும்.