செராய் (எலுமிச்சைப்புல்), 'செராய் வாங்கி' (சிட்ரோனெல்லா புல்): வித்தியாசம் எப்படித் தெரியும்? பாசார் (சந்தை) செராய் ஏன் வேர்விடுவதில்லை?

அடியைப் பாருங்கள். சமையல் செராய் (சிம்போபோகன் சிட்ராட்டஸ்) அடியில் வெள்ளையாகவோ வெளிர்பச்சையாகவோ பருத்திருக்கும். கொசுவிரட்டி எண்ணெய் எடுக்கும் 'செராய் வாங்கி'யின் அடியில் செம்மை படர்ந்திருக்கும், கறிக்கு ஆகாது. சந்தேகமா? இலையைக் கசக்குங்கள். சமையல் செராயில் சிட்ரால் என்ற மணப்பொருள் மிகுதி, எலுமிச்சை மணம் வரும். மற்றதில் சிட்ரோனெல்லால், சோப்பு வாடை.

சம்பாலுக்கு (மிளகாய் அரைப்புக்கு) நசுக்கும் அந்தத் 'தண்டு', ஒன்றையொன்று சுற்றிய இலையுறைகள்தான். உண்மையான தண்டு அதற்குக் கீழே, குட்டையாக, கெட்டியாக இருக்கிறது. வேரும் பக்கத் தூர்களும் அங்கிருந்தே கிளம்பும். பினாங்கு பாசாரில் வாங்கியது வேர்விடவில்லை என்றால், பெரும்பாலும் அந்தப் பகுதியை ஒட்ட நறுக்கியிருப்பார்கள். எத்தனை நாள் தண்ணீரில் வைத்தாலும் பயனில்லை. அடி முழுசாக உள்ளதை எடுத்து, மேலே 15 செ.மீ. விட்டு இலையை வெட்டி, 3 செ.மீ. தண்ணீரில் நிறுத்துங்கள். தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள். இரண்டு, மூன்று வாரத்தில் வேர் வரும். பிறகு நல்ல வெயிலில், 60 செ.மீ. இடைவெளியில் நடலாம். நம் மழைக்கு மேட்டுப்பாத்தி நல்லது. நீர் தேங்கினால் அடி அழுகும்.

விதைக்குக் காத்திருக்க வேண்டாம், செராய் பூப்பதே அபூர்வம். சில ஆண்டுகளில் புதர் நெருங்கித் தண்டு மெலியும். அப்போது தூர் பிரித்து நடுங்கள். கையுறை போடுங்கள், இலை விளிம்பு அறுக்கும்.