பஞ்சத்துக்குக் கொடுத்த பதக்கம்தானா இது?

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டினம் பக்கம் எங்கள் ஊர். தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சித்தொட்டி வைத்ததற்காக எங்கள் முன்னோருக்கு வெள்ளைக்காரர்கள் கொடுத்தது என்று பாட்டி சொல்லும் வெள்ளிப் பதக்கம் ஒன்று வீட்டில் இருக்கிறது. முட்டை வடிவம். ஒரு பக்கம் ஜி, ஆர், ஐ எழுத்துகள் பின்னிக் கிடக்கின்றன. மறுபக்கம் ஆங்கிலத்தில் ‘கைசர்-இ-ஹிந்த்’. கறுத்துவிட்டது. புளி போட்டுத் தேய்க்கலாமா? எதற்குக் கொடுத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: புளி, விபூதி, சோடா எதுவும் வேண்டாம். தேய்க்கத் தேய்க்க அந்த எழுத்துகளின் மெல்லிய விளிம்பு மழுங்கும். அப்புறம் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. மெத்தென்ற பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். ரப்பர் பேண்ட் போடாதீர்கள். அதிலுள்ள கந்தகம்தான் வெள்ளியை மேலும் கறுக்கச் செய்யும்.

இது கைசர்-இ-ஹிந்த் பதக்கம். இந்தியாவில் பொதுச் சேவை செய்தவர்களுக்காக 1900-இல் விக்டோரியா மகாராணி ஏற்படுத்தியது. பஞ்ச நிவாரணம், மருத்துவம், கல்வி என்று பல பணிகளுக்கும் தந்தார்கள். தங்கப் பதக்கம் மன்னர் பெயரில் வரும், வெள்ளிப் பதக்கத்தை வைஸ்ராய் வழங்குவார். காந்திக்கும் தங்கப் பதக்கம் கொடுத்தார்கள். 1920-இல் திருப்பி அனுப்பிவிட்டார்.

தாது வருஷப் பஞ்சமோ 1876-78. ஜி.ஆர்.ஐ. என்பது ஜார்ஜ் மன்னர்களின் முத்திரை, ஆகவே உங்கள் பதக்கம் 1910-க்கும் 1947-க்கும் இடைப்பட்டது. கஞ்சித்தொட்டிக்காகக் கொடுத்தது அல்ல. அதற்காகப் பாட்டி சொன்னது பொய் என்று ஆகிவிடாது. அந்தப் பஞ்சத்தில் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் உங்கள் ஊர் அப்போது இருந்த சேலமும் ஒன்று. நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று, பஞ்ச நிவாரணத்தைக் கவனிக்க வைஸ்ராய் அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்தார். அரை கிலோகூட இல்லை. அதை வைத்து உழைக்கும் உடம்பு தாங்காது என்று சென்னை சுகாதார ஆணையர் கார்னிஷ் சண்டை போட்டார். அப்படிப்பட்ட நேரத்தில் ஊரில் ஒருவர் அடுப்பு மூட்டிக் கஞ்சி ஊற்றியிருந்தால் அது பெரிய காரியம்தான். ஒரு தலைமுறையின் கஞ்சியும் பின்னால் வந்தவருக்குக் கிடைத்த பதக்கமும் வீட்டுப் பேச்சில் ஒன்றாகியிருக்கலாம்.

இந்தப் பதக்கத்தில் பெற்றவரின் பெயரைப் பொறிப்பதில்லை. அதனால் காகிதத்தைத்தான் தேட வேண்டும். முதலில் பத்திரம், பழைய கடிதம், பதக்கத்தோடு வந்த சான்றிதழ் ஏதாவது டிரங்குப் பெட்டியில் இருக்கிறதா பாருங்கள். அடுத்து, இந்திய அரசிதழின் புத்தாண்டு, மன்னர் பிறந்தநாள் பட்டியல்கள். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் தேடலாம். அங்கே கிருஷ்ணகிரி மாவட்டம் என்று கேட்காதீர்கள். அது 2004-இல் தர்மபுரியிலிருந்து பிரிந்தது, தர்மபுரியே 1965-இல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது. சேலம் மாவட்டம், கிருஷ்ணகிரி தாலுகா என்று எழுதிக் கொடுங்கள்.